பசித்தவர் முகம் பார்த்த வள்ளல்



திருவிழாக் காலத்தில் இறைவனின் திருவடிகளை வணங்கி மகிழ்வதோடு, அவனுடைய அடியார்களின் வாழ்க்கையை எண்ணிப் பார்ப்பதும் நம் சமய மரபாகும். நன்மை இது, தீமை இது என்று அறநூல்கள் வகுத்துரைக்கின்றன. அவற்றைப் படித்தவர் பலர். கேட்டவர் அதனினும் பலர். ஆயினும் அறம் என்பது எத்தகையது என்பதை ஒரு மனிதர் வாழ்ந்து காட்டும்பொழுதுதான் அது நம் உள்ளத்தில் பதிகின்றது.

அவ்வாறு வாழ்ந்து காட்டியவர்களுள் ஒருவர், திருவருட்பிரகாச வள்ளலார் என்று உலகம் போற்றும் சிதம்பரம் இராமலிங்க அடிகளார். அவர் பாடிய பாடல்களைக் கோயில்தோறும் பாடுகின்றோம். அவர் பெயரால் அன்னதானம் செய்கின்றோம். ஆனால் மனிதனுடைய குணத்தையும் குற்றத்தையும் அவர் எவ்வாறு அளந்தார் என்பதை நாம் அடிக்கடி சிந்திப்பதில்லை. பிறர் துன்பத்தைக் கண்டு முகம் திருப்பிக்கொள்வதே குற்றங்களின் தொடக்கம் என்பதும், அம்முகத்தை நேராகப் பார்ப்பதே குணங்களின் தொடக்கம் என்பதும் அவர் வாழ்க்கை முழுவதும் நமக்குத் தரும் பாடமாகும்.

இளமையும் அண்ணியாரின் அன்பும்

சிதம்பரத்திற்கு அருகிலுள்ள மருதூரில் 1823-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 5-ஆம் நாள் அடிகளார் தோன்றினார். தந்தையார் இராமையா பிள்ளை, ஊர்க் கணக்கர். சிறுவர்களுக்குக் கல்வியும் கற்பித்தவர். தாயார் சின்னம்மையார். ஐந்து மக்களுள் அடிகளாரே கடைக்குட்டி. பிறந்து ஐந்து திங்கள் ஆனபொழுது குழந்தையைத் தில்லைக்கு எடுத்துச் சென்றனர் என்றும், சிற்சபையில் திரை விலகியபொழுது அக்குழந்தை கலகலவென நகைத்தது என்றும் வரலாறு கூறும்.

குழந்தைப் பருவத்திலேயே அடிகளார் தந்தையை இழந்தார். அன்னையார் மக்களோடு பொன்னேரிக்கு அருகிலுள்ள சின்னகாவணத்திற்குச் சென்று, பின்னர்ச் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். ஏழுகிணறு வீராசாமி பிள்ளைத் தெருவில் அக்குடும்பம் வாழ்ந்தது. மூத்த அண்ணன் சபாபதி பிள்ளை புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைத் தாங்கினார். தம்பியும் தம்மைப் போலக் கற்று முன்னேற வேண்டும் என்பது அவர் விருப்பம். தாமே கற்பித்தார்; பின்னர்த் தம் ஆசிரியராகிய காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடமும் அனுப்பினார். தம்பியின் மனமோ ஏட்டில் நிற்கவில்லை. கந்தகோட்டத்து முருகன் சந்நிதியில் நின்று பாடுவதிலேயே அது நிலைத்திருந்தது. அதனைக் கண்ட ஆசிரியர், இப்பிள்ளைக்குத் தாம் கற்பிக்க வேண்டுவது ஒன்றுமில்லை என்று விலகிக்கொண்டார்.

அண்ணனுக்குச் சினம் பொங்கியது. தம்பிக்கு இனிச் சோறு போடலாகாது என்று தம் மனைவியாருக்குக் கட்டளையிட்டார். அண்ணியார் பாப்பாத்தியம்மாள் கணவர் சொல்லை வெளிப்படையாக மீறவும் இயலாமல், சிறுவனைப் பட்டினி போடவும் மனம் வராமல் தவித்தார். கணவர் இல்லாத நேரம் பார்த்துக் கொல்லைப்புற வழியே அழைத்து, அச்சிறுவனுக்கு அவர் அன்னம் இட்டு வந்தார்.

மாமனாருடைய திதி நாள் வந்தது. வீடு நிறைய உறவினர். இலை நிறைய உணவு. பெற்ற பிள்ளையோ யாரும் அறியாமல் பின்புறம் வந்து உண்ண வேண்டிய நிலை. பரிமாறிய அண்ணியாரின் கண்களில் நீர் பெருகியது. படிப்பதற்கு ஒப்புக்கொண்டு வீட்டிலேயே இருக்கலாகாதா என்று அவர் வேண்டினார். அக்கண்ணீர் சிறுவனின் நெஞ்சைக் கரைத்தது. அன்று முதல் வீட்டின் மாடியறையில் தங்கினார். நூலும் விளக்கும் கண்ணாடியும் மாத்திரம் கேட்டுப் பெற்றார். அக்கண்ணாடியில் திருத்தணிகை முருகன் காட்சி தந்தருளியதை அடியார்கள் பத்தியோடு போற்றுவர்.

அன்பர்களே! இந்நிகழ்ச்சியில் நாம் கருத வேண்டுவன இரண்டு. அண்ணன் தீயவர் அல்லர். குடும்பத்திற்காக உழைத்தவர், தம்பியின் நன்மையையே நாடியவர். ஆயினும் சினம் வந்து புகுந்தபொழுது, அந்த அன்பே பசித்த சிறுவனுக்குக் கதவடைக்கும் கொடுமையாக மாறிற்று. நம் இல்லங்களிலும் பிள்ளைகளின் நன்மைக்காகவே என்று சொல்லிக்கொண்டு நாம் காட்டும் கடுமைகளில் எத்தனை நம்முடைய சினத்தின் விளைவு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அண்ணியாரோ பெரிய தத்துவம் எதனையும் பேசவில்லை. பசித்த முகத்தைப் பார்த்தார். பார்த்த பின் வாளாவிருக்க அவரால் இயலவில்லை. பிற்காலத்தில் உலகப் பசியைப் போக்க முற்பட்ட வள்ளலுக்குக் கருணையின் முதற் பாடத்தைக் கற்பித்த ஆசிரியர் அப்பெண்மணியே என்று கூறுவது மிகையாகாது.

திருவொற்றியூரில்

இளமைப் பருவம் கடந்து அடிகளார் சென்னையிலேயே பல்லாண்டுகள் வாழ்ந்தார். திருவொற்றியூர்த் தியாகேசரையும் வடிவுடையம்மையையும் நாடி நாள்தோறும் நடந்து சென்று வழிபட்டார். ஒருமுறை அண்ணன் உடல்நலம் குன்றியிருந்தபொழுது, சோமு செட்டியார் இல்லத்துச் சொற்பொழிவுக்கு அண்ணனுக்கு மாற்றாகச் சென்று, பெரியபுராணத்தைக் கேட்டார் வியக்க விரித்துரைத்தார். தம்பியின் பெருமையை அண்ணன் உணர்ந்தார். உறவினர் வற்புறுத்தலுக்கு இணங்கி 1850-ஆம் ஆண்டில் தமக்கையார் மகள் தனக்கோடி அம்மையாரை அடிகளார் மணந்தார். ஆயினும் அவர் உள்ளம் திருவாசகத்திலேயே தோய்ந்திருந்தது.

இக்காலத்தைப் பற்றி வழிவழியாக வழங்கும் செய்தி ஒன்று உண்டு. ஒருநாள் அடிகளார் திண்ணையில் படுத்திருந்தபொழுது, கள்வன் ஒருவன் அவருடைய ஒரு காதிலிருந்த கடுக்கனைக் கழற்றினான். அடிகளார் கூச்சலிடவில்லை. மறுபக்கம் திரும்பிப் படுத்து மற்றைக் காதிலுள்ளதையும் அவன் எடுத்துக்கொள்ள இடங்கொடுத்தார். களவைச் சரியென்று அவர் கருதியதாக இதற்குப் பொருள் கொள்ளலாகாது. ஒருவன் செய்த தீமையைக் காணும் முன், அதனைச் செய்யத் தூண்டிய வறுமையைக் காண்பது அவர் இயல்பு. நாம் குற்றத்தை முதலில் பார்க்கின்றோம். மனிதனைப் பிறகு பார்க்கின்றோம், அல்லது பார்க்காமலே விட்டுவிடுகின்றோம்.

தன்னைத் தானே வினவிய மன்னன்

1854-ஆம் ஆண்டு அடிகளார் இயற்றிய மனுமுறை கண்ட வாசகம் என்னும் உரைநடை நூல் வெளிவந்தது. திருவாரூரில் ஆண்ட மனுநீதிச் சோழனின் வரலாற்றைக் கூறும் நூல் அது. இளவரசனின் தேர்க்காலில் கன்று ஒன்று சிக்கி இறக்கின்றது. தாய்ப்பசு அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணியை அசைக்கின்றது. தன் மகனையே தேர்க்காலில் கிடத்தி நீதி வழங்க மன்னன் துணிகின்றான். இக்கதையை அறியாத தமிழர் இலர்.

அடிகளார் அக்கதையில் ஓரிடத்தில் நின்று நம்மை நெடுநேரம் சிந்திக்க வைக்கின்றார். துயரம் நேர்ந்தவுடன் மன்னன் தேர்ப்பாகனைப் பழிக்கவில்லை. வீதியில் கன்றை அவிழ்த்து விட்டவரைத் தேடவில்லை. இத்துன்பம் நேர்வதற்குத் தான் என்ன பிழை செய்தோம் என்று தன் நெஞ்சையே வினவுகின்றான். ஒன்றன்பின் ஒன்றாகப் பல பாவங்களை எடுத்துவைத்து, இதனைச் செய்தோமோ, அதனைச் செய்தோமோ என்று கலங்குகின்றான்.

அவ்வரிசையில் கொலையும் களவும் போன்ற பெருங்குற்றங்கள் மட்டும் இல்லை. அன்றாட வாழ்வில் நாம் குற்றம் என்றே கருதாத செயல்கள் பல உள்ளன. வேலை வாங்கிக்கொண்டு கூலியைக் குறைப்பது, நெல்லோடு கல்லைக் கலந்து விற்பது, கோள் சொல்லி ஒரு குடும்பத்தைப் பிரிப்பது, ஒன்றாயிருந்த நண்பர்களுக்குள் கலகம் மூட்டுவது, ஈகை செய்பவரைத் தடுப்பது ஆகியன அதில் இடம்பெறுகின்றன. கன்றுக்குப் பாலில்லாமல் கட்டிவைப்பதும், பறவையைக் கூண்டில் அடைப்பதும், குடிநீர்க் குளத்தைத் தூர்ப்பதும், நிழல் தரும் மரத்தை வெட்டுவதும், ஆலயக் கதவை அடைப்பதும் அங்கே உள்ளன.

அவற்றோடு ஒன்றாகப் பசித்தவரின் முகத்தைப் பாராமல் இருத்தலும் பாவமாக வைக்கப்பட்டுள்ளது. இங்கே ஒருவன் எதனையும் செய்யவில்லை, யாரையும் அடிக்கவில்லை, எவர் பொருளையும் கவரவில்லை. வெறுமனே பார்க்காமல் போகின்றான். அதுவும் கணக்கில் சேர்கின்றது. தீமை செய்யாதவன் நல்லவன் என்று நாம் நம்மைத் தேற்றிக்கொள்கின்றோம். நன்மை செய்யக்கூடிய இடத்தில் செய்யாமல் நகர்ந்துவிட்டவனும் தன் நெஞ்சத்திற்கு விடை கூற வேண்டும் என்பது அடிகளார் நமக்கு உணர்த்தும் நீதி.

இக்காலத்தில் குளம் தூர்க்கவும் மரம் வெட்டவும் நமக்கு வாய்ப்புக் குறைவாக இருக்கலாம். ஆயின் வீட்டு வேலைக்கு வருபவரின் சம்பளத்தைக் காலம் தாழ்த்திக் கொடுப்பதும், ஒருவரைப் பற்றி மற்றொருவரிடம் தொலைபேசியில் கோள் சொல்வதும், நம் குழுவினர் அல்லாதாருக்கு ஆலய வாயிலை மனத்தளவில் அடைத்து வைப்பதும் நம்மிடையே இல்லை என்று யார் கூற முடியும்? மன்னன் தன்னை வினவியதைப் போல் ஒவ்வோர் இரவும் நாமும் நம்மை வினவிக்கொண்டால், பிறரிடம் குற்றம் காண நேரமே இராது.

புகழை நாடாதவர்

1858-ஆம் ஆண்டளவில் அடிகளார் சென்னையை விட்டுத் தில்லைப் பக்கம் வந்தார். வடலூருக்கு அருகிலுள்ள கருங்குழியில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் தங்கினார். அங்கே ஓரிரவு, எண்ணெய் என்று கருதித் தண்ணீரை வார்த்தும் விளக்கு விடியும்வரை எரிந்த அற்புதம் நிகழ்ந்ததாக அடியார்கள் போற்றுவர். 1865-ஆம் ஆண்டில், சாதி சமய வேறுபாடுகளைக் கடந்த சன்மார்க்கச் சங்கத்தை அவர் நிறுவினார்.

அவர் பாடிய பாடல்களை அச்சிட வேண்டும் என்று அன்பர்கள் விழைந்தனர். அடிகளார் எளிதில் இசையவில்லை. பாடல்கள் தம் கைக்கு வரும்வரை நாளொன்றுக்கு ஒருவேளை மட்டுமே உண்பதென்று இறுக்கம் இரத்தின முதலியார் நோன்பு பூண்டார். தம் பொருட்டு ஒருவர் பசித்திருப்பதை அடிகளாரால் தாங்க முடியவில்லை, இசைந்தார். தொழுவூர் வேலாயுத முதலியாரின் முயற்சியால் 1867-ஆம் ஆண்டு திருவருட்பா முதல் நான்கு திருமுறைகளும் வெளிவந்தன. புகழ்ச்சி இணங்க வைக்காத ஒருவரைப் பிறர் பசி இணங்க வைத்தது.

அப்பொழுதும் இராமலிங்கசாமி என்று தம்மை அழைப்பது ஆரவாரமாகத் தோன்றுவதால் அவ்வாறு வழங்கலாகாது என்று கடிதம் எழுதித் தடுத்தார். வெள்ளாடை உடுத்தி, தலையை மூடி, கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு ஒதுங்கி நடந்தவர் அவர். நன்கொடைப் பலகையில் பெயர் எத்தனையாவது வரியில் வந்தது என்று தேடும் நமக்கு, வந்த பட்டத்தை மறுத்த அவர் வாழ்க்கை ஒரு கண்ணாடியாகும். செல்வச் செருக்கைக் காட்டிலும் நுண்ணியது, நல்லது செய்தோம் என்னும் செருக்கு. அது நற்செயலின் உள்ளேயே ஒளிந்திருப்பதால் கண்டுபிடிப்பது கடினம்.

அணையாத அடுப்பு

1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள், பிரபவ ஆண்டு வைகாசி 11-இல், வடலூரில் சத்திய தருமசாலை தொடங்கப்பெற்றது. பார்வதிபுரத்து மக்கள் ஏறத்தாழ 80 காணி நிலத்தை மனமுவந்து வழங்கினர். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிகின்றது. சாதி, சமயம், ஊர், மொழி எதுவும் வினவாமல் வருவோர்க்கெல்லாம் அங்கே உணவு வழங்கப்படுகின்றது.

சீவகாருணிய ஒழுக்கம் என்னும் தம் உரைநடை நூலில் அடிகளார் பசியை ஆராய்ந்துள்ள முறை வியக்கத்தக்கது. பசி வந்தபொழுது ஒருவனுடைய அறிவு எவ்வாறு மங்குகின்றது, கண் எவ்வாறு குழிகின்றது, கால் எவ்வாறு தள்ளாடுகின்றது, நாணமும் மானமும் எவ்வாறு விலகுகின்றன என்பதை ஒரு மருத்துவரைப் போல அவர் விளக்குகின்றார். ஞானியும் பசிக்கு முன் தடுமாறுவான் என்றால், எளியவன் தடுமாறுவதில் வியப்பென்ன? ஒருவனை நல்லவனாக்க வேண்டுமாயின் முதலில் அவன் வயிற்று நெருப்பை அவிக்க வேண்டும், உபதேசம் பிறகு.

கேட்கத் துணியாத மானமுள்ள ஏழைகளைப் பற்றி அந்நூலில் அவர் கூறுவது நெஞ்சை உருக்கும். குழந்தைகளின் பசிமுகத்தைப் பார்க்கவும் முடியாமல், அயலாரிடம் கை நீட்டவும் கூசி, வீட்டினுள்ளேயே வாடும் பெற்றோரின் நிலையை அவர் எடுத்துக் காட்டுகின்றார். அவர்கள் வரிசையில் வந்து நிற்க மாட்டார்கள். நாம்தாம் அவர்களைத் தேடிச் செல்ல வேண்டும்.

அடிகளாரின் அறம் நடைமுறைக்கு ஒத்தது என்பதையும் நாம் கருத வேண்டும். தன் குடும்பத்தைப் பட்டினி போட்டுவிட்டு ஊருக்கு உபகாரம் செய்வதை அவர் ஏற்கவில்லை. குடும்பத்தை மட்டும் காத்துக்கொண்டு ஊர்ப்பசியைப் பாராதிருப்பதையும் ஏற்கவில்லை. திருமணம் முதலிய சடங்குகளில் ஆடம்பரச் செலவைக் குறைத்துப் பசித்தவருக்கு உணவளிக்குமாறு அறிவுறுத்தினார். புலால் உண்பதை அவர் உறுதியாக மறுத்தவர். ஆயினும் புலால் உண்பவர் பசித்து வந்தால் அவருக்கும் உணவளிக்க வேண்டும் என்பதில் அவருக்கு ஐயமில்லை. கொள்கை வேறு, பசி வேறு என்று தெளிந்தவர் அவர். தம் கொள்கையில் உறுதியாக நின்றுகொண்டே, அதனை ஏற்காதவரின் இலையில் சோறு இடுவதற்குப் பெரிய மனம் வேண்டும்.

உணவு இட்டதோடு அவர் நின்றுவிடவில்லை. திருக்குறளைப் பொதுமக்களுக்கு வகுப்பாக நடத்தச் செய்தார். வயிற்றுக்குச் சோறு, மனத்துக்கு அறம் என்னும் வரிசையை அவர் மாற்றவில்லை.

இரு சான்றோர், ஒரே கஞ்சி

நம்முடைய வட்டாரத்தில் வாழும் அன்பர்கள் சிறப்பாக அறிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தி இவ்விடத்தில் உண்டு. அடிகளாரின் பாடல்களுக்குத் திருவருட்பா என்று பெயரிட்டுத் திருமுறை என வகுத்ததை யாழ்ப்பாணம் நல்லூர் ஆறுமுக நாவலர் எதிர்த்தார். பன்னிரு திருமுறைகளின் தனிச்சிறப்பைக் காக்க வேண்டும் என்பது நாவலரின் நோக்கம். சைவத்திற்கும் தமிழுக்கும் தம் வாழ்நாளையே ஈந்த பெருந்தகை அவர். இருதரப்பு அன்பர்களும் கண்டன நூல்களை எழுதினர். 1869-ஆம் ஆண்டில் வழக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. இருவரும் மறைந்த பின்னரும் அப்பூசல் ஓயவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அது தொடர்ந்தது. அடிகளாரின் பாடல்களுக்காக வாதாடியவர்களுள் கோட்டாற்றைச் சேர்ந்த இசுலாமியப் புலவர் செய்குத்தம்பிப் பாவலரும் ஒருவர்.

இப்பூசலைப் பேசுவோர் பலர். அதன் மறுபக்கத்தை நினைப்போர் சிலரே. அடிகளார் மறைந்து சில ஆண்டுகளில், 1876-ஆம் ஆண்டு தொடங்கித் தமிழகத்தைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியது. அக்காலத்தில் யாழ்ப்பாணத்திலும் பஞ்சமும் நோயும் பரவின. அப்பொழுது நாவலர் செய்தது என்ன? கஞ்சித்தொட்டித் தருமம் ஏற்படுத்தி, ஏழை மக்களுக்குக் கஞ்சி வார்த்தார். வடலூரில் எரிந்த அதே நெருப்பு யாழ்ப்பாணத்திலும் எரிந்தது.

பாடலின் பெயரைப் பற்றிக் கருத்து வேறுபட்ட இருவரும் பசித்தவரின் முகத்தைப் பார்த்தபொழுது வேறுபடவில்லை. பிரிக்ஃபீல்ட்சில் கந்தசுவாமி கோயிலை எழுப்பி வழிபடும் யாழ்ப்பாணச் சைவ மரபினருக்கு நாவலர் குலதெய்வம் போன்றவர். தமிழகத்திலிருந்து வந்தோரின் வழிவந்த குடும்பங்கள் பலவற்றில் வள்ளலார் படம் இல்லாத பூசை அறை இல்லை. இவ்விரு மரபினரும் ஒரே தெருவில் நடந்து, ஒரே முருகனைத் தொழுகின்றனர். பழைய வழக்கில் யார் வென்றார் என்று வினவுவதைவிட, இருவரும் கஞ்சி வார்த்த கைகள் என்பதை நினைவிற் கொள்வது நமக்கு நன்மை தரும்.

ஆலய நிருவாகத்தில் கருத்து வேறுபாடுகள் எழுவது இயல்பு. தேர் எந்த வழியே செல்ல வேண்டும், மேளம் யாருக்கு, மேடையில் மாலை யாருக்கு என்பவற்றில் தொடங்கிய சிறு வேறுபாடு பெரும் பகையாக வளர்ந்து, குடும்பங்கள் பேச்சை நிறுத்தி, வேறு கோயில் தேடிப் போவதையும் நாம் கண்டிருக்கின்றோம். வேறுபாடு குற்றமாகாது. வேறுபட்டவரின் நன்மையைக் காண மறுப்பதே குற்றம். எதிர்த் தரப்பினரும் அடுப்படியில் நம்மோடு நின்று கரண்டி பிடித்தவரே என்பதை மறவாதிருந்தால் எப்பகையும் நீடிக்காது.

இறுதி நாட்கள்

1872-ஆம் ஆண்டு சனவரி 25-ஆம் நாள் தைப்பூசத்தன்று வடலூர்ச் சத்திய ஞான சபையில் முதல் சோதி வழிபாடு நடைபெற்றது. எண்கோண வடிவில் அமைந்த அச்சபையில் ஏழு திரைகள் விலகிய பின்னரே சோதி காணப்படும். ஆன்ம ஒளியை மறைக்கும் மாயைகளையே அத்திரைகள் குறிக்கின்றன. இறைவன் எங்கோ மறைந்திருக்கின்றான் என்று நாம் எண்ணுகின்றோம். மறைப்பு நம்மிடத்தில் உள்ளது என்பதைக் கல்லாத எளியவரும் கண்ணால் கண்டு உணருமாறு அடிகளார் அமைத்தார்.

ஆயினும் அவர் மனம் நிறைவு பெறவில்லை. சங்கத்தில் சேர்ந்தோர் பலர் அற்புதங்களை எதிர்பார்த்தனர். ஒழுக்கத்தை மேற்கொண்டோர் சிலரே. தாம் கூறியதை உலகம் ஏற்றுக்கொள்ளவில்லை என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. 1873-ஆம் ஆண்டு அக்டோபரில் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் சன்மார்க்கக் கொடியை ஏற்றிப் பேருபதேசம் செய்தார். 1874-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள் ஓர் அறையினுள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். அதன்பின் அவர் திருமேனியைக் கண்டாரில்லை. சோதியில் கலந்தார் என்று அடியார்கள் வணங்குகின்றனர். ஏற்றுக்கொள்வார் இல்லையே என்ற வருத்தத்திலும், அடுப்பை அணைத்துவிடுங்கள் என்று அவர் கூறவில்லை என்பதே நாம் நெஞ்சிற் பதிக்க வேண்டியது. பயன் தெரியாவிட்டாலும் நல்லதை நிறுத்தாமை நற்குணத்தின் உச்சநிலையாகும்.

நம் மண்ணில்

அடிகளார் மறைவதற்குப் பத்து நாட்களுக்கு முன்னர், 1874 சனவரி 20-இல், பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன்பின் இந்நாட்டில் ஆங்கிலேயர் ஆட்சி பரவியது. தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து நம் முன்னோர் பெருந்தொகையினராகக் கப்பலேறினர். பஞ்சமும் வறுமையும் அவர்களைத் துரத்தின. அவர்கள் தோட்டங்களில் பால்மரம் சீவினர். இருப்புப் பாதை அமைத்தனர். கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயில் 1873-ஆம் ஆண்டில் தோன்றியது. பத்துமலையில் 1892-ஆம் ஆண்டு முதல் தைப்பூசம் கொண்டாடப்பெற்று வருகின்றது. வடலூரில் திரை விலகும் அதே நன்னாளில் இங்கே காவடிகள் படியேறுகின்றன.

1942 முதல் 1945 வரை சப்பானியர் ஆட்சியில் நம் பாட்டனாரும் பாட்டியாரும் அரிசியைக் காணாமல் மரவள்ளிக்கிழங்கை உண்டு உயிர் காத்தனர். சயாம் இரயில் பாதைக்குச் சென்றோர் பலர் திரும்பவில்லை. பசி என்றால் என்ன என்பதை ஏட்டில் படிக்காமல் உடம்பால் அறிந்த தலைமுறை அது. அதனாலேயே வந்தவருக்கு முதலில் சாப்பாடு போட்டு, பிறகு செய்தி கேட்கும் வழக்கத்தை அவர்கள் நமக்கு விட்டுச் சென்றனர்.

இன்று நம் இலைகள் நிறைந்துள்ளன. கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்சிலும் திருவிழா என்றால் அன்னதானமும் தண்ணீர்ப் பந்தலும் இல்லாமல் இல்லை. இது பெருமைக்குரியதே. ஆயினும் பந்தி முடிந்தபின் குப்பைக் கூடையில் குவியும் சோற்றைக் காணும்பொழுது நம் மனம் குறுகுறுக்க வேண்டும். மேலும் வீட்டில் சமைத்துண்ண வழியுள்ளவரே வரிசையில் முன்னே நிற்கின்றனர். மலிவு விலை அடுக்குமாடி வீட்டில் வேலையிழந்த தந்தையும், மருந்துக்கும் உணவுக்கும் ஒரே பணத்தைப் பங்கிடும் முதியவளும், மொழி தெரியாத நாட்டில் சம்பளம் கிடைக்காமல் நிற்கும் வெளிநாட்டுத் தொழிலாளியும் அவ்வரிசையில் இல்லை. அடிகளார் கூறிய, கேட்கக் கூசும் மனிதர்கள் இவர்களே. ஆலயத்தில் நூறு பேருக்கு இலை போடும்பொழுது, பத்துப் பொட்டலங்களை அவர்கள் வாசலுக்கு எடுத்துச் செல்ல நம் இளைஞர்கள் முன்வருவார்களாயின், அதுவே வள்ளலாருக்கு நாம் எடுக்கும் விழாவாகும்.

நிறைவாக

மனிதனின் குணத்தை அளக்கப் பல கோல்கள் உண்டு. கல்வி ஒரு கோல். செல்வம் ஒரு கோல். பத்தியையும் சிலர் கோலாகக் கொள்வர். அண்ணியாரின் கண்ணீரில் கருணையைக் கற்ற அச்சிறுவர் நமக்கு விட்டுச்சென்ற கோல் எளியது. எதிரே வரும் மனிதனின் முகத்தில் பசி தெரிகின்றதா என்று பார்த்தோமா, பார்த்தபின் என்ன செய்தோம் என்பதே அது. சினமும் செருக்கும் பகையும் நம் கண்களை மறைக்கும் திரைகள். அவற்றை ஒவ்வொன்றாக விலக்கினால், சந்நிதியில் காணும் இறைவனை வாசலில் வந்து நிற்கும் எளியவரிடத்தும் காணலாம்.

இத்திருவிழாவில் தீபாராதனையைக் கண்டு கைகூப்பும் அன்பர்கள் அனைவரும், அவ்வொளியை நெஞ்சில் ஏந்தி இல்லம் திரும்புவார்களாக! எவ்வுயிரும் பசியின்றி வாழவும், நம் ஆலயங்களில் ஒற்றுமை நிலவவும் எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவானாக!

வாழ்க வையகம்! வளர்க அருள்நெறி!